ஆழப் பக்கம்

பெரியவரின் மூக்குக்கு அந்தத் தெருவில் தனி மரியாதை உண்டு. வெளுக்க வந்த சட்டையை வாங்கி ஒரு தடவை முகர்ந்தால் போதும். கறை காபியா, மையா, மருந்தா என்பதிலிருந்து, சட்டைக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது பொய் என்பது வரை புட்டுப் புட்டு வைத்துவிடுவார். ஊரில் லாண்ட்ரிக் கடைகள் எத்தனையோ இருக்கலாம், மூக்கு இவர் ஒருவருக்குத்தான்.

அந்த மூக்கு இன்று காலை அவருடைய மனைவியின் கொண்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"பிளீச்," என்றார்.

பெரியவள் ஒரு கோட்டின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியிலிருந்து குபுக்கென்று ஆவி வந்தது. நல்லவேளை, முகம் சிவந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

"என்னங்க?"

"பிளீச் வாசனை. கொஞ்ச நாளாவே இருக்கு. என் மூக்குதான் கெட்டுப்போச்சோன்னு பேசாம இருந்தேன்."

"கெட்டுத்தான் போயிருக்கும். வயசாகுது இல்ல?"

"மூட்டுக்குத்தான் வயசாகும், மூக்குக்கு ஆகாது. ஏன், பிசியோதெரபில தோளுக்கு என்ன தேய்க்கிறாங்க? பிளீச்சிங் பவுடரா?"

இந்தக் குடும்பத்தின் கதையை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இது எங்கே போகும் என்று இப்போதே தெரிந்திருக்கும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சொத்துக்காகப் பிரிந்த அண்ணன் தம்பிகள் உண்டு, பொம்பளைப் பேச்சைக் கேட்டுப் பிரிந்ததாகப் பழி சொல்லப்படுகிறவர்களும் உண்டு. பிளீச்சுக்காகப் பிரிந்தவர்கள் பெரியவரும் அவர் தம்பி சின்னவரும்தான். ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்த காலம் அது. பிளீச் போட்டால் பாதி நேரத்தில் வேலை முடியும் என்றார் தம்பி. துணியைக் கொல்லுகிறவனுக்கு என் கடையில் இடமில்லை என்றார் அண்ணன். ஒரே அப்பாவிடம் இஸ்திரிப் பெட்டி பிடிக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பேர், அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். சின்னவர் எதிர்ச் சாரியிலேயே கடை போட்டார். அங்கே பிளீச் ஆறாக ஓடுகிறது. இங்கே அந்த வார்த்தையை வாய் தவறிச் சொன்னால்கூட வாடிக்கையாளருக்கு ஒரு முறைப்பு கிடைக்கும்.

ஆக, மனைவியின் தலைமுடியில் பிளீச் வாசனை என்றால் பெரியவருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"அவன் கடைக்குத்தான் போற," என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவன் கூப்பிட்டானா, நீயா போனியா?"

பெரியவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. உண்மையும் அதற்குப் பின்னாலேயே வந்தது. நீச்சல் கத்துக்கப் போறேங்க, குளத்துத் தண்ணீல போடுற மருந்து வாசனை அது. சொல்வதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் நாக்கு எழவில்லை.

ஏன் எழவில்லை என்பதற்கு ஒரு பழைய சாயங்காலத்துக்குப் போக வேண்டும்.

மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நீச்சல் கற்றுக்கொண்டாள். கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் பெரியவள்தான். குளத்தின் ஆழப் பக்கத்துச் சுவரோரம் ஒரு நீளமான பெஞ்சு உண்டு. மடியில் துண்டை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் குதிக்கும்போது தெறிக்கிற தண்ணீர் காலில் படும். யாருக்கும் தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்வாள். தண்ணீரில் மல்லாந்து கிடக்கும் மகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருக்கும். பெற்ற பெண்மேல் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், அதேதான்.

ஒருநாள் அவர்களைக் கூட்டிப்போகப் பெரியவர் கடை வேனில் வந்தார். "எனக்கும் கத்துக்கணும்போல இருக்குங்க," என்று சொல்லிவிட்டாள். எப்படித்தான் வாயில் வந்ததோ.

அவர் பெஞ்சில் இருந்த மற்றவர்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "நீ இறங்கினா தண்ணியெல்லாம் வெளிய வந்துடும்டி," என்றார்.

பெஞ்சே சிரித்தது. மகள் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் பெரியவள்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து, வெளியூர் போய்விட்டாள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவளுடைய பழைய நீச்சல் கண்ணாடி கையில் கிடைத்தது. பெரியவள் கதவைச் சாத்திவிட்டு அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். தவளை மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் உடனே கழற்ற மனம் வரவில்லை.

அடுத்த வாரமே அதே குளத்தில் வயதுவந்தவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தாள். நீச்சல்குளத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு பிசியோதெரபி நிலையம் இருந்தது பொய்க்குச் சௌகரியமாகப் போயிற்று. சேர்ந்த அன்று கோச் எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டாள். பெரியவள் வயதில் பாதிகூட இல்லாத பெண், கழுத்தில் விசில். "எதுக்காகக் கத்துக்கிறீங்க?" ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் முழங்கால் வலி என்றார். பல் டாக்டரம்மா உடம்பைக் குறைக்க என்றாள். பெரியவள் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "சும்மா," என்றாள்.

வீட்டில் எல்லாருக்கும் கற்றுக்கொள்ளக் காரணமும் இருந்தது, செலவும் செய்தாயிற்று. மகளுக்குப் படிப்பு, நீச்சல், கம்ப்யூட்டர். பெரியவருக்குப் புதிய சலவை இயந்திரத்தைப் பழக ஒரு மாதப் பயிற்சி. தனக்கென்று அவள் வாங்கிக்கொண்டது இந்தச் 'சும்மா' ஒன்றைத்தான். அதை வேறொருவர் கையில் கொடுத்து, அவர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு ஜோக் அடித்துத் திருப்பித் தருவதை அவளால் தாங்க முடியாது.

"பதில் சொல்லு," என்றார் பெரியவர்.

"உங்க தம்பி கடைக்கு நான் போகலை. இப்போதைக்கு இதுதான் சொல்ல முடியும். மீதியைச் சாயங்காலம் சொல்றேன்."

"சாயங்காலமா? இதென்ன ரயில் டிக்கெட்டா, காத்திருக்க? இன்னைக்கு நீ எங்கயும் போக வேண்டாம். ஹோட்டல் விரிப்பு வந்திருக்கு பாரு."

மூலையில் மூட்டைகள் சுவருக்கு முட்டுக்கொடுத்து நின்றன.

இன்றைக்குப் போய் இப்படியா என்று இருந்தது பெரியவளுக்கு. இன்று வகுப்பின் கடைசி நாள். நாளை முதல் குளத்தை மராமத்துக்காக மூடுகிறார்கள், எப்போது திறப்பார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியாது. இன்றைய தேர்வில், குளத்தின் இந்த முனையில் இறங்கி அந்த முனைச் சுவரைத் தொட வேண்டும். நடுவில், தண்ணீரில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்தால் சேர்த்தி இல்லை. கடந்தவர்களுக்கு அடுத்த வகுப்பு, கடக்காதவர்கள் மறுபடி குழந்தைகள் தொட்டியில் குமிழி விடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மறுபடி துணிச்சல் வருமா என்று அவளுக்குத் தெரியும். வராது.

மூட்டையைப் பிரித்தாள். தேய்த்தாள். அவள் தேய்த்த வேகத்துக்குப் பெட்டியே மூச்சு வாங்கியது. பெரியவர் கல்லாவில் உட்கார்ந்து அவளையே கண்காணித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கடை ஓயும் நேரத்துக்கு, விரிப்புகள் அடுக்கடுக்காக அலமாரியில் ஏறியிருந்தன. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போயிட்டு வரேன்."

"போனா..." என்று ஆரம்பித்தார்.

"போனா?"

 இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை.

-

உடை மாற்றும் அறையில் சின்னவள் ஏற்கெனவே வந்து, நீச்சல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஆமாம், சின்னவரின் மனைவியேதான். பெரியவளின் ஓரகத்தி. முதல் நாள் இதே அறையில் இரண்டு பேரும் நீச்சல் உடையில் எதிரும் புதிருமாக நின்றபோது, ஓடி ஒளிய இடம் தேடியவர்கள். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரே வீட்டு மருமகள்களுக்குத் தண்ணீருக்குள் என்ன வம்பு என்று கொஞ்ச நாள் தள்ளித் தள்ளியே மிதந்தார்கள். போன வாரம் கோச் இந்த இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிட்டாள். ஒருத்தி மல்லாந்து மிதக்க வேண்டும், மற்றவள் முதுகுக்கு அடியில் கை கொடுக்க வேண்டும். ஒருத்தியின் முழு பாரத்தையும் உள்ளங்கையில் வாங்கிய பிறகு, பேசாமல் இருப்பது கஷ்டம்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள் சின்னவள்.

"எனக்கு மட்டும் என்ன? காலையில எங்க வீட்டுக்காரர் என் தலைய மோந்து பாத்துட்டு, நான் உங்க கடையில வேலைக்குச் சேந்துட்டேன்கிறார்."

சின்னவள் ஒரு விநாடி விழித்தாள். பிறகு தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே இல்லக்கா. வாசனை இல்லாமப் போனாத்தான் இவருக்குச் சந்தேகம் வரும்!"

"நீ என்ன சொல்லிட்டு வர?"

"பிசியோதெரபி. இடுப்புக்கு."

"அடிப்பாவி. நான் தோளுக்கு."

சிரித்து ஓய்ந்ததும் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எதுக்கு இதுல சேந்தீங்கன்னு நான் கேட்டதே இல்லையேக்கா."

கோச்சுக்குச் சொன்ன பதிலையே சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளங்கையில் தாங்கியவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"மத்தவங்க துண்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே என் காலம் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு," என்றாள் பெரியவள். "மல்லாந்து கிடக்கும்போது காதுக்குள்ள தண்ணி போகும் பாரு. அப்போ யாரு கூப்பிட்டாலும் கேக்காது. கல்யாணமானதிலிருந்து நான் அதுக்குத்தான் ஏங்கியிருக்கேன்னு இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

 தொப்பியை மாட்டிக்கொள்ள முடியாமல் தடுமாறிய சின்னவளுக்குப் பெரியவளே மாட்டிவிட்டு, காதோர முடியை உள்ளே தள்ளினாள்.

வெளியே வந்ததும் பெரியவள் முதலில் ஆழப் பக்கத்துக்குப் போனாள். அந்தப் பழைய பெஞ்சு அங்கேயே இருந்தது. அவள் வழக்கமாக உட்காரும் ஓரத்தில் துண்டுப் பையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வங்கி மேலாளர் கடந்துவிட்டார். அந்த முனையில் இருமிக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினார். பல் டாக்டரம்மா பாதியில் கயிற்றைப் பிடித்துவிட்டு அழுதாள்.

"அடுத்து நீங்க, மேடம்," என்றாள் கோச்.

பெரியவள் மகளின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டது, மார்பைத் தொட்டது. சுவரை உதைத்தாள்.

முதல் பாதி அவளுக்குப் பழக்கமான வீடு. தரையில் ஓடும் கறுப்புக் கோடு கீழே கூடவே வந்தது. கை, கை, மூச்சு. கை, கை, மூச்சு. பிறகு ஒரு இடத்தில் தரை சட்டென்று சரிந்து, கோடு அவளை விட்டுவிட்டு ஆழத்துக்குள் இறங்கிப் போயிற்று. கீழே நீலம்தான் இருந்தது.  கால்கள் தானாகத் தரையைத் தேடின.

வலது பக்கம் கயிறு. கையை நீட்டினால் எட்டும்.

மூச்சுக்காக முகத்தைத் திருப்பினாள். அப்போதுதான் அந்தக் குரல் வந்து மோதியது.

"ஏய்! கயித்தப் பிடி! கயித்தப் பிடிச்சுக்கோ!"

எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற குரல். ஆனால் இப்படி நடுங்கி அவள் கேட்டதே இல்லை. பயந்துபோயிருக்கிறார். நீந்தத் தெரியாத மனுஷன், நடுத் தண்ணீரில் மனைவியைப் பார்க்கிறார், கையில் கிடைத்த ஒரே பாதுகாப்பைக் கத்திக் கத்திக் கொடுக்கிறார். அதில் அன்பு இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது. அவர் சொன்னபடி கையை நீட்டினால் போதும், அவருக்கு நிம்மதி, அவளுக்கும் நிம்மதி, எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

முகத்தைத் தண்ணீருக்குள் போட்டாள்.

காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகம் வாயை மூடிக்கொண்டது. கை, கை. இந்தக் கைகள் தேய்த்த கோட்டுகளையும் விரிப்புகளையும் விரித்துப் போட்டால் ஊரே மூடிப்போகும். இது அவளுக்காக. கை, கை, மூச்சு. தோள் எரிந்தது. வாய்க்குள் தண்ணீர் போனது, துப்பினாள். இனி முடியாது என்று நினைத்த இடத்துக்குப் பிறகும் கை நகர்ந்துகொண்டிருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விரல்கள் சுவரில் இடித்தன.

இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியிருந்ததால் முதலில் கால்சட்டைதான் தெரிந்தது. அந்த மடிப்பை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கத்தியால் கீறியதுபோல் முழங்காலிலிருந்து காலணி வரை ஒரே கோடு.

பக்கத்தில் இன்னொரு கால்சட்டை. அதே மடிப்பு.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பெரியவரும் சின்னவரும் தோளோடு தோளாக நின்றுகொண்டிருந்தார்கள். தோளோடு தோள் படுவது இரண்டு பேருக்கும் இன்னும் உறைக்கவில்லை.

"உன்னைத் தேடி இவன் கடைக்குப் போனேன்," என்றார் பெரியவர். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "சட்டையைப் பிடிச்சு, என் பொண்டாட்டி எங்கடான்னு கேட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே புரியலை அண்ணி," என்றார் சின்னவர், அவளைப் பார்த்தே. "என் பொண்டாட்டியே பிசியோதெரபிக்குப் போயிருக்கா, உங்க பொண்டாட்டிய நான் எங்க பாத்தேன்னேன். இவரும், என் பொண்டாட்டியும் அங்கதான்னார். சரின்னு ரெண்டு பேரும் அங்க போனா, அப்படி யாருமே வர்றதில்லைன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"வாசல்ல நிக்கும்போது காத்துல வாசனை வந்துச்சு," என்றார் பெரியவர். "மூக்குதான் இங்க கூட்டிட்டு வந்துச்சு."

பெரியவள் மேலே ஏறவில்லை. தண்ணீர் கழுத்து வரை இருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "தண்ணி வெளிய வந்துச்சா?"

"என்ன தண்ணி?"

"நான் இறங்கினா தண்ணியெல்லாம் வெளிய வந்துடும்னு சொன்னீங்களே. இதே பெஞ்சு பக்கத்துல."

பெரியவர் பெஞ்சைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். உண்மையாகவே தேடினார், கிடைக்கவில்லை. "நானா சொன்னேன்?"

"நீங்கதான்."

அவருக்கு நினைவே இல்லை. இத்தனை வருஷம் அவள் தூக்கிச் சுமந்ததை, அவர் சொன்ன கையோடு அங்கேயே போட்டுவிட்டு வேனில் ஏறிப் போயிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. முகம் முழுக்கத் தண்ணீராக இருந்ததால் அழுவது சுலபமாக இருந்தது.

அவர் முகம் மெல்ல மாறியது. "நம்ம பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்தப்போவா?" என்றார். "நீயும்தானே சிரிச்ச?"

"ஆமா. சிரிச்சேன்."

 தெருவுக்கே வாசனை பிரித்துச் சொல்லும் மனுஷன், கூடவே இருந்தவளிடம் எதையோ பிடிக்காமல் விட்டுவிட்டோம் என்று தெரிந்தவர் மாதிரி நின்றார்.

அந்த முனையில் விசில் அடித்தது. அடுத்து சின்னவள்.

ஆனால் சின்னவள் இறங்கவில்லை. கணவரைப் பார்த்துவிட்டாள். படியின் கம்பியைப் பிடித்தவள் பிடித்தபடி, தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"விட்டுடுங்க மேடம்!" என்று சின்னவர் கோச்சிடம் கத்தினார். "அவளுக்குப் பயம்! அவளுக்கு இதெல்லாம் வராது!"

நல்ல மனசோடுதான் சொன்னார். இப்படிப்பட்டவை எல்லாம் நல்ல மனசோடுதான் சொல்லப்படுகின்றன.

"கோச்," என்று பெரியவள் குரல் கொடுத்தாள். "நான் திரும்பி வந்து அவகூட நீந்தலாமா?"

கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "தெம்பு இருக்கா மேடம்?"

"இருக்கு."

"பக்கத்துல வரலாம். ஆனா அவங்களத் தொடக்கூடாது."

"எங்க போற?" என்று பெரியவர் பதறினார். "இப்பத்தானே வந்த? மேல வா, துவட்டிக்கோ."

"அந்தப் பெஞ்சுல என் பை இருக்கு பாருங்க. துண்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. நான் உக்காந்த இடம்தான்." பிறகு மைத்துனர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் உக்காருங்க. அவ இந்தச் சுவரத் தொட்டதும் துண்டு வேணும்."

ஆண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியவர் மெதுவாகப் போய், பையைத் திறந்து, துண்டை வெளியே எடுத்தார். பழக்கதோஷம், மூக்குக்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார். பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். சின்னவர் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

பெரியவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். எதிர் முனையில் தொப்பிக்கடியில் சின்னவளின் முகம், கைவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. இவ்வளவு ஆசைப்பட்டுத் தொட்ட சுவரைவிட்டுக் கையை எடுத்தாள். காலால் ஓங்கி உதைத்தாள்.

தண்ணீருக்குள் தலை போகும் அந்தக் கணத்தில் பெஞ்சில் ஒரு குரல் "அண்ணா..." என்று ஆரம்பித்தது. அதற்குள் காதில் தண்ணீர் புகுந்துவிட்டது. மேற்கொண்டு என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை.